முதலாம் இடத்தில் வைத்த குரல்

வாசகரே, நடந்ததைக் கண்ணால் காணாத ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பது முறையல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும், கண்ணால் கண்டவர்கள் அனைவரும் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லக்கூடியவர்கள். ஆதலால் காணாத உங்களை அழைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. நான் சொல்வதை இறுதிவரை கேளுங்கள். தீர்ப்பு எதுவாயினும் ஏற்பேன். பருத்தித்துறை வாசலில் அன்று ஒருவர் என்னிடம் கேட்டதைவிட அது கடுமையாக இருக்கப்போவதில்லை.

நான் மேடையில் வளர்ந்தவன். பாடசாலை விவாத அணிக்குத் தலைவனாக இருந்தேன். கோயில் திருவிழாக்களின் பட்டிமன்றங்களில் என்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்கு எதிரே அமர்ந்து, அவர்களுடைய வாதத்தை அவர்களுடைய சொற்களைக் கொண்டே கவிழ்த்திருக்கிறேன். கைதட்டல் எழும்போது எவ்வளவு நேரம் மௌனமாக நிற்க வேண்டும், தண்ணீர்க் குவளையை எந்த வாக்கியத்தின் நடுவில் எடுத்தால் அவை மூச்சுவிடாமல் காத்திருக்கும் என்பவற்றையெல்லாம் முறையாகப் பயின்றிருக்கிறேன். இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் சாட்சியின் முன் பொய் சொல்லக்கூடாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மேடை பொன்னாடை தரும். மாதச் சம்பளம் தராது. அதனால் நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வலையமைப்பு உதவியாளனாக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருப்பவை சுவிச்சுகள். மின்விளக்கைப் போடும் சுவிச் அல்ல. கணினி, தொலைபேசி, கமரா ஆகிய எல்லாவற்றின் கேபிள்களும் வந்து சேர்கின்ற பெட்டி அது. ஒரு வாசலால் உள்ளே வந்த தகவலை, அது போகவேண்டிய வாசலால் வெளியே அனுப்புவது அதன் தொழில். இதை என் தாயாருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன். மறுநாள் அவர் மதிலுக்கு மேலால் அயலாரிடம், “மகனுக்குச் சுவிச்சிலை வேலை” என்று சொல்லியிருக்கிறார். ஒரு கிழமைக்குள் கலியாணத் தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பெடியன் சுவிஸ் நாட்டிலை எந்தப் பக்கம்?” என்று அவர் கேட்டார்.

“மூண்டாம் மாடியிலையாம். லிப்ட் இல்லையெண்டு சொன்னவன்” என்றார் தாயார்.

நிற்க. வழக்கின் பொருளுக்கு வருகிறேன்.

எங்கள் கல்வி நிலையம் ஓர் ஒழுங்கையின், ஒரு சிறு சந்தின், இரு பக்கமும் நிற்கிறது. ஒரு பக்கம் பழைய கட்டடம். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு அங்கேதான் இறங்குகிறது. மறுபக்கம் புதிய மூன்றுமாடிக் கட்டடம். வகுப்புகள், அலுவலகம், ஆசிரியர் அறை, பாடங்களை ஒளிப்பதிவு செய்யும் அறை, கன்ரீன் எல்லாம் அங்கேதான். ஒழுங்கைக்கு மேலால் கேபிள் இழுக்க அயல்வீட்டார் இடம் கொடுக்காததால், இரு கூரைகளிலும் இரண்டு சிறிய அன்ரனாக்களை ஒன்றையொன்று பார்த்தபடி நிறுத்தியிருக்கிறோம். புதிய கட்டடத்திலிருந்து உலகத்துக்குப் போகும் ஒவ்வொரு சொல்லும், உலகத்திலிருந்து அங்கே வரும் ஒவ்வொரு படமும் அந்த ஒற்றை வழியால்தான் போய்வர வேண்டும். கிழமை நாட்களில் அது போதும். வகுப்புகள் நிறைந்து, எல்லோருடைய கையிலும் ஒரு தொலைபேசி இருக்கும் சனிக்கிழமை காலையில் அது போதாது.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் எங்கள் இரசாயன ஆசிரியர் உயர்தர மாணவர்களுக்குப் பாடம் எடுப்பார். அவர் நல்லூரில் கரும்பலகைக்கு முன் நிற்க, பருத்தித்துறையில் நாங்கள் நடத்தும் சிறிய மண்டபத்தில் மாணவர்கள் பெரிய திரைக்கு முன் இருந்து அதே பாடத்தை அதே நேரத்தில் கேட்பார்கள். சில கிழமைகளாக அந்தக் குரல் உடைந்து உடைந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்லவே, ஒரு திங்கட்கிழமை, பருத்தித்துறை மண்டபத்துக்குப் பொறுப்பான அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, நான் சண்டை பிடிக்க எடுக்கேல்லை. சேர் அமிலம் எண்டுறார், மூலம் எண்டுறார், நடுவிலை ஒண்டையும் காணேல்லை. பெடியள் இப்ப அவரை மாதிரியே விக்கி விக்கிக் கதைக்கப் பழகிப்போட்டாங்கள். நேற்று ஒருத்தன் ‘அ…க்கா, தண்…ணி’ எண்டு கேக்கிறான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“சிரியாதையும். வாற சனிக்கிழமை தாய்தேப்பன்மார் வந்து பின்வரிசை வாங்கிலை இருக்கப்போகினம். அண்டைக்கும் உடைஞ்சுதெண்டால் பிள்ளையளை வேறை இடத்துக்குக் கொண்டுபோயிடுவினம். பிள்ளையள் இல்லாட்டி மண்டபத்தைப் பூட்டவேண்டியதுதான். இயக்குநர் ஐயா என்னை நல்லூருக்கு வரச் சொல்லுவார். விடிய பஸ் எடுத்தால் வீடு வர இருட்டிப்போம். என்ரை பிள்ளைக்கு இப்பத்தான் ரெண்டு வயசு. நான் வேலையை விடத்தான் வேணும்.”

“அக்கா, கலங்காதீர்கள்! ஒரு மண்டபத்தின் கதவு மூடப்படுவது என்பது வெறும் பலகை சார்ந்த விடயமன்று, அது ஒரு தலைமுறையின்—”

“தம்பி, உதெல்லாம் எனக்கு விளங்காது. உடையாதெண்டு மட்டும் சொல்லும். அது காணும்.”

“உடையாது, அக்கா.”

சொல்லிவிட்டேன். சொன்னபின் வழியைத் தேடினேன். வழி இருந்தது. பாதை ஒடுங்கியதாக இருக்கும்போது எந்தத் தகவல் முதலில் போகவேண்டும், எது காத்து நிற்கவேண்டும் என்று சுவிச்சுக்கு நாங்கள் கட்டளை இடலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தால், நெரிசல் வரும்போது சுவிச் அந்த எண்ணைப் பார்த்து வழிவிடும். ஆசிரியரின் குரலுக்கு வழிவிட்டு மற்றவை ஒரு கணம் தள்ளி நின்றால் போதும்; குரல் உடையாது.

ஆனால் யார் தள்ளி நிற்பது? அதைத் தீர்மானிக்கப் புதன்கிழமை ஆசிரியர் அறையில் ஒரு கூட்டம் கூட்டினேன். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் ஒரு கோயில் திருவிழாவின் செலவை ஏற்கும் உபயகாரர். பூசை முடிந்ததும் தட்டில் வைத்துக் கொடுக்கப்படும் காளாஞ்சி யாருக்கு முதலில், யாருக்கு அடுத்ததாக என்பதில் எங்கள் ஊர்க் கோயில்களில் எத்தனை முகங்கள் கோணியிருக்கின்றன என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. எனவே அந்த உவமையையே எடுத்துக்கொண்டேன். “இணையம் என்பது ஒரு கோயில் வாசல், தகவல்கள் அடியார்கள், சுவிச் என்பது காளாஞ்சித் தட்டைக் கையில் ஏந்திய குருக்கள்” என்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். உவமை மிக நன்றாக விளங்கிவிட்டது. அளவுக்கு மீறி விளங்கிவிட்டது.

“அப்ப முதல் காளாஞ்சி எனக்கு” என்றார் இயக்குநர்.

“ஐயா, உங்களுக்கு இணையத்தில் என்ன தேவை?”

“கமரா. சனிக்கிழமையிலை நான் வீட்டிலை இருந்துதானே இஞ்சை நடக்கிறதைப் பாக்கிறனான்.”

இரசாயன ஆசிரியர் கதிரையை முன்னால் இழுத்தார். “அப்ப நான் ஆர்? பிள்ளையள் என்னைக் கேக்க வருகினமோ, சைக்கிள் நிக்கிறதைப் பாக்க வருகினமோ?”

“சேர், நான் உங்களைச் சொல்லேல்லை.”

“சொல்லேல்லைத்தான். ரெண்டாமிடத்திலை வைச்சனீங்கள்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் ஆசனம் தானாகவே எனக்கு வந்து சேர்ந்தது. இருதரப்பு வாதங்களையும் சீர்தூக்கினேன். கமரா நிழலைக் காட்டுகிறது. ஆசிரியர் ஒளியைக் காட்டுகிறார் என்றேன். இயக்குநர் சற்று யோசித்து, உபயகாரருக்குரிய பெருந்தன்மையோடு இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். முதலாம் இடம் இரசாயன ஆசிரியரின் வகுப்புக்கு. இரண்டாவது கமரா. மூன்றாவது அலுவலகம். நான்காவது ஒளிப்பதிவு அறை. ஐந்தாவது ஆசிரியர் அறைக் கணினி. மாணவர்களின் தொலைபேசிகளுக்கு இடமே இல்லை. அவை பூச்சியத்தில் நிற்கட்டும்.

அப்போது கன்ரீன் அண்ணை தேநீரோடு உள்ளே வந்தார். கன்ரீனில் இணையத்தால் ஓடும் ஒரு பெரிய ரீவி இருக்கிறது. காலையில் அதில் நாடகங்கள் ஓடும்.

“என்ரை ரீவி எத்தினையாம் பிள்ளை, தம்பி?”

“ஏழாம் பிள்ளை, அண்ணை.”

“ஏழோ? அப்ப எட்டு ஆர்?”

“எட்டு இல்லை.”

“கடைசிப் பிள்ளை எண்டு நேரை சொல்லன்ரா. ஏன் சுத்திவளைக்கிறாய்?”

“அண்ணை, மனம் நோகவேண்டாம். உங்களுக்கு அருகில் நானே நிற்கிறேன். இணையத்தால் ஓடும் என் மேசைத் தொலைபேசிக்கு ஆறாம் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணி செய்பவன் பின்வரிசையில் நிற்பதே பணிக்கு அழகு!”

அறை கைதட்டியது. அண்ணை தட்டவில்லை. அன்று எனக்கு வந்த தேநீரில் சீனி இருக்கவில்லை.

வியாழக்கிழமை சுவிச்சின் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். எண்கள் பூச்சியம் முதல் ஏழு வரை என்று கையேடு சொன்னது. ஒவ்வோர் எண்ணும் என்ன பொருள் தரும் என்பதற்கு அதில் ஓர் அட்டவணை இருந்தது. அதைக் கண்டேன். கண்டும், அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

வாசகரே, இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் ஒன்று என்றால் என்னவென்று ஒருவருக்கு விளக்கவேண்டுமா? முதலாம் ஆண்டிலேயே, வகுப்பில் எத்தனையாவது நிலை என்பதை, ‘எத்தினையாம் பிள்ளை?’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலாம் பிள்ளையின் தாய் கோயிலில் நிற்கும் நிலையே வேறு. இரண்டாம் பிள்ளையின் தாய் அவரோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை. பரீட்சை முடிவு வந்த மறுநாள் எங்கள் மதில்களில் தொங்கும் பதாகைகளில் ‘மாவட்ட நிலை 1’ என்ற எழுத்து, படத்தில் உள்ள பிள்ளையின் தலையைவிடப் பெரியதாக இருக்கும். அத்தகைய மதில் ஒன்றின் உட்பக்கத்தில் இருந்துகொண்டு, ஒன்று பெரிதா ஏழு பெரிதா என்று ஓர் அட்டவணையைக் கேட்பது எனக்கு அவமானமாகப் பட்டது.

ஆசிரியரின் வகுப்புக்கு ஒன்றைக் கொடுத்தேன். மற்றவற்றுக்குக் கூட்டத் தீர்மானப்படி ஒழுங்காகக் கொடுத்தேன். ஒழுங்கையின் இரு பக்கத்துச் சுவிச்சுகளிலும் ஒரே கட்டளைகளைப் பதிந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் போனபின், வெறும் வகுப்பறையில் நின்று, பருத்தித்துறைத் திரைக்கு நானே ஒரு பரீட்சார்த்த உரை ஆற்றினேன். குரல் கண்ணாடி போலப் போனது. கட்டடத்தில் நானும் ஒரு பூனையும் மட்டுமே இருந்தபோது யாரும் யாருக்கும் வழிவிடத் தேவையிருக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. எட்டு மணிக்கு வகுப்பு. மூன்றாம் மாடியில் என் மேசையின் முன் வெள்ளைச் சட்டையோடு அமர்ந்திருந்தேன். எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

“தம்பி, உடையுது” என்றார் பருத்தித்துறை அக்கா. மெதுவாகச் சொன்னார். பின்வரிசை வாங்குகளில் இருந்த பெற்றோருக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

“வாய்ப்பே இல்லை, அக்கா. முதலாம் இடம் கொடுத்திருக்கிறேன்.”

“நீர் எத்தினையாம் இடம் குடுத்தீரோ எனக்குத் தெரியாது. முந்தி விக்கினவர். இண்டைக்கு முக்கால்வாசி ஊமை. எப்பவாவது ஒரு சொல், மிச்சமெல்லாம் கை ஆட்டுறதுதான்.”

“தொடக்கத்தில் சற்றுத் தளம்பும். பொறுமையோடு—”

“நான் பொறுப்பன். இவை பொறுக்க மாட்டினம். ரெண்டு பேர் எழும்பிட்டினம். நீரே சொல்லும், ஸ்பீக்கரிலை போடுறன்.”

ஒலிபெருக்கி. எதிரே நான் காணாத ஓர் அவை. வாசகரே, பழகிய குதிரைக்குக் கடிவாளத்தைக் காட்டியதுபோல் ஆயிற்று. “பெருமதிப்புக்குரிய பெற்றோர்களே!” என்று தொடங்கினேன். இணையம் என்பது மானிடரின் கையில் மட்டும் இல்லை என்றேன். வடமராட்சிக் கடலின் உப்புக்காற்று அன்ரனாக்களைத் தின்னும் விதத்தை விவரித்தேன். அன்ரனா இருப்பது கடலில்லாத நல்லூரில் என்பதை விவரிக்கவில்லை. வழியில் நிற்கும் பனைகளைச் சாடினேன். சேவை வழங்கும் நிறுவனத்தைப் பெயர் சொல்லாமல் ஆனால் குரலை உயர்த்திச் சாடினேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அந்தப் பத்து நிமிடமும் திரையில் ஆசிரியர் கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

முடித்தபோது கைதட்டல் வரவில்லை. ஒரு தந்தையின் குரல் வந்தது.

“அக்கா, இந்தத் தம்பியின்ரை குரல் அந்தமாதிரிக் கிளியராய் வருது. இவரையே கெமிஸ்றி படிப்பிக்கச் சொல்லுங்கோவன்.”

மண்டபம் சிரித்தது. அக்கா ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

“கேட்டதோ? நீர் பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது. சேரின்ரைதான் வரேல்லை. உதுதான் உம்மடை முதலாம் இடமோ?”

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: முதல் கணத்தில் அதை என் குரல்வளத்துக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் கணத்தில்தான் எழுந்து படிகளால் ஓடினேன். எங்கள் பிரதான சுவிச் கீழ்மாடியில், கன்ரீனை அடுத்த சிறிய அறையில் இருக்கிறது. போகும் வழியில் கன்ரீனைக் கடக்கவேண்டும்.

கன்ரீனில் அசாதாரணமான அமைதி நிலவியது. அடுத்த வகுப்புக்குக் காத்திருந்த மாணவர்களும், ஓட்டோக்காரர்கள் இருவரும், கன்ரீன் அண்ணையும் ரீவியைப் பார்த்தபடி நின்றார்கள். நாடகத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கன்னத்தில் இறங்கிய கண்ணீர்த்துளியில் எதிரே இருந்த சன்னலின் கம்பிகளை எண்ணக்கூடியதாக இருந்தது.

அண்ணை என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தார்.

“தம்பி, குறை நினையாதை. ஏழு எண்டோடனை நான் கோவிச்சுப்போட்டன். போன கிழமை வரைக்கும் இவள் அழத் தொடங்க, நடுவிலை வட்டம் சுத்தும். அழுது முடியிறதுக்குள்ளை நாடகம் முடிஞ்சிடும். இண்டைக்கு ஒரு சொட்டும் தவறேல்லை. இப்பிடி ஏழு எண்டு சொல்லியிருந்தால் தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டிருப்பனே!”

ஏழு நன்றாக ஓடுகிறது. ஆறு, என் தொலைபேசி, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கிறது. ஒன்று ஊமை.

அந்த இடத்திலேயே, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு முன்னால், எண்களைத் தலைகீழாக எண்ணிப் பார்த்தேன். அப்போது சட்டைப் பையில் கைத்தொலைபேசி அடித்தது. இயக்குநர்.

“தம்பி, ரெண்டாம் இடமெண்டு சொன்னனீர். கமரா அசையுதில்லை. சைக்கிள் விடுற இடத்திலை ஒரு பெடியன் அரை மணித்தியாலமாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான். உயிரோடை இருக்கிறானோ?”

“இருக்கிறான், ஐயா. இறக்கிவிடுறன்” என்றேன். மேடைத்தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

சிறிய அறைக்குள் போய், மடிக்கணினியில் கையேட்டைத் திறந்து, வியாழக்கிழமை நான் மதிக்காத அந்த அட்டவணையைப் படித்தேன். அது மிகவும் எளிமையான அட்டவணை. எண் கூடக் கூட மரியாதை கூடும். ஏழுதான் உச்சம். ஏழும் ஆறும் சுவிச்சுகள் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும் முக்கியமான பேச்சுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை நான் ஒரு நாடகத்துக்கும் எனக்கும் பகிர்ந்தளித்திருந்தேன். மனிதக் குரலுக்கு உகந்தது ஐந்து. இந்த ஒழுங்குக்கு ஒரே விலக்கு பூச்சியம்: அது எந்தச் சிறப்பும் இல்லாத சாதாரணம். ஒன்றும் இரண்டும் அந்தச் சாதாரணத்துக்கும் கீழே. எல்லோரும் போனபின் நேரம் இருந்தால் போகலாம் என்று வைக்கப்பட்ட இடம்தான் ஒன்று.

அதாவது, தரவரிசையில் இடமே கிடையாது என்று நான் தள்ளிவைத்த மாணவர்களின் தொலைபேசிகளில் ஓடிய விளையாட்டுகள்கூட, முதலாம் பிள்ளையாகிய இரசாயன ஆசிரியரை ஓரத்தில் நிறுத்திவிட்டு முன்னே போய்க்கொண்டிருந்தன.

ஆசிரியரின் வகுப்புக்கு ஐந்தைக் கொடுத்தேன். இயக்குநரின் கமராவுக்கு மூன்று. அலுவலகமும் மற்றவையும் பூச்சியத்தில் சாதாரணமாக நிற்கட்டும். என் தொலைபேசியையும் அங்கேயே இறக்கினேன். கன்ரீன் ரீவிக்கு ஒன்று. முதலில் இந்தப் பக்கத்துச் சுவிச்சில் பதிந்தேன். பிறகு ஒழுங்கைக்கு அப்பால் உள்ளதில். இரண்டாவதைப் பதிந்து கையை எடுத்த கணத்தில் கன்ரீனிலிருந்து ஒரு கூக்குரல் எழுந்தது.

“தம்பி! அழுதுகொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடி நிண்டுட்டாள்!”

“அண்ணை, இப்ப நீங்கள்தான் முதலாம் இடம்!”

“எனக்கு உன்ரை முதலாம் இடம் வேண்டாம்! ஏழைத் தாடா!”

கதவைச் சாத்தினேன். கைத்தொலைபேசியில் அக்காவை அழைத்தேன். அவர் எடுத்ததும் பின்னால் இரசாயன ஆசிரியரின் குரல் கேட்டது: “ஆகவே இந்தத் தாக்கத்திலை அமிலம் மிகையாய் இருந்தால் என்ன நடக்கும்?” ஒரு சொல்லும் உடையாமல், ஓர் எழுத்தும் விழாமல், முழுதாக.

“வருது” என்றார் அக்கா. ஆனால் குரலில் மகிழ்ச்சி இல்லை. “வருது, தம்பி. ஆனால் முதல் முக்கால் மணித்தியாலம் போயிட்டுது. தாய்தேப்பன்மார் பாதிப்பேர் வாசலிலை நிக்கினம். ‘இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும், ஆரை நம்புறது’ எண்டு கேக்கினம். என்ன நடந்ததெண்டு சரியாய்ச் சொன்னால் இருப்பம் எண்டினம். திரும்ப ஸ்பீக்கரிலை போடுறன். வாசல் பக்கத்து ஸ்பீக்கரிலை மட்டும். உள்ளை சேர் படிப்பிக்கட்டும்.”

“சரி, அக்கா.”

“தம்பி.”

“ஓம், அக்கா.”

“ஒரு வசனம். கடற்காத்து வேண்டாம். பனை வேண்டாம்.”

ஒலிபெருக்கி திறந்த சத்தம் கேட்டது. வாசகரே, உங்களிடம் ஒளிக்கவில்லை: வெல்லக்கூடிய ஒரு வாதம் அந்த வேளையிலும் என் நாக்கின் நுனியில் நின்றது. பழுது சேவை நிறுவனத்துடையது, நாங்கள் அயராது முயன்று திருத்தினோம், வெற்றி. அந்த வாசலில் நின்ற ஒருவராலும் அதை மறுக்க முடியாது. ஆனால் அதை நம்பி உள்ளே போகிறவர்கள், அடுத்த முறை ஒரு சொல் விழுந்தாலும் அந்த நிறுவனம் திருந்தாது என்று சொல்லி வெளியே போய்விடுவார்கள். போனால் மண்டபம் பூட்டப்படும். அக்கா விடியற்காலையில் பஸ்தரிப்பிடத்தில் நிற்கமாட்டார், வேலையை விடுவார். நான் வெல்லும் வாதத்துக்கு விலை கொடுக்கப்போகிறவர் அவர்.

“பிழை என்னிலை” என்றேன். “ஒண்டு எண்டால் முதலாம் பிள்ளை எண்டு நினைச்சு, சேரை ஒண்டிலை போட்டிட்டன். இந்தப் பெட்டியிலை ஒண்டுதான் கடைசி.”

முதலில் ஒரு பெண் சிரித்தார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர். பிறகு வாசல் முழுவதும் சிரித்தது.

“அப்ப கடைசிப் பிள்ளைக்கு எத்தினை?” என்று யாரோ கேட்டார்.

“ஏழு. கன்ரீன் ரீவிக்குக் குடுத்தனான்.”

“பாத்தியோடி, நாங்கள் இஞ்சை ஒண்டு, ஒண்டு எண்டு பிள்ளையைப் போட்டு அடிக்கிறம்” என்று ஒரு தாய் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது கேட்டது.

“தவறவிட்ட பகுதி?” இது கண்டிப்பான ஓர் ஆண் குரல்.

“சேரைக் கேட்டு, வகுப்பு முடிய அந்த முக்கால் மணித்தியாலத்தைத் திரும்ப எடுப்பிக்கிறன். மாட்டன் எண்டால் காலிலை விழுவன்.”

வாங்குகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் இருந்தார்கள். அக்கா நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சு நான் இதுவரை பெற்ற பொன்னாடைகள் எதனோடும் ஒப்பிடத்தக்கது அல்ல என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் அவர் வாசித்துவிட்டுச் சிரிப்பார். அந்த மண்டபம் இப்போதும் திறந்திருக்கிறது. அவருடைய பிள்ளை இப்போது அதன் வாசலில் ஓடித்திரிகிறது.

நான் தொலைபேசியை வைக்கப் போனேன். அப்போது, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றவரின் அந்தக் கண்டிப்பான குரல் மறுபடியும் வந்தது.

“தம்பி, பெட்டி பிழைவிட்டது சரி. திருத்திப்போட்டீர், அதுவும் சரி. ஆனால் நடுவிலை பத்து நிமிசம் கடல், காத்து, பனை எண்டு நீர் ஸ்பீக்கரிலை முழங்கினீரே. சேரின்ரை சொல் அங்கையொண்டு இஞ்சையொண்டாய் வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் உம்மடை சத்தத்துக்குள்ளை எங்கடை பிள்ளையளுக்குக் கேக்கவிடேல்லை. அதுக்கு என்ன சொல்லுறீர்?”

கன்ரீனில் ரீவி நின்றுபோனதால் கதவடியில் கூடிவிட்ட மாணவர்களும், ஓட்டோக்காரர்களும், இன்னும் என்னை மன்னிக்காத அண்ணையும் கேட்டுக்கொண்டிருக்க, பருத்தித்துறை வாசலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“சேர் கதைக்கிற நேரத்திலை, இனி நான் வாய் திறக்கமாட்டன்.”